மருந்துச் சீட்டும் மரபணுவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் முப்பத்தோரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் நான். சென்ற வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகனோடு வந்தார். மகனுக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு. "சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சார்" என்று சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்தார். பிரித்துப் பிரித்துப் பார்த்து அது மடிப்பில் கிழிந்திருந்தது. பையன் திண்ணையை விட்டு உள்ளே வரவேயில்லை.

ஒருபால் ஈர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை செய்தது. பிறகு எதற்கு அந்தச் சீட்டு?

"பிறவி இயல்பு என்றால் எந்த மரபணு காரணம், காட்டுங்கள்" என்று விவாதங்களில் கேட்கிறார்கள். 2019-ல் விஞ்ஞானிகள் இதற்காக ஏறத்தாழ 4.8 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்தார்கள். தனியொரு மரபணு இல்லை. சிறிய அளவில் பங்களிக்கும் பல மரபணு வேறுபாடுகள் உண்டு, அவற்றை வைத்து யாரையும் கணிக்க முடியாது என்றது ஆய்வு. உடனே "பார்த்தீர்களா, வெறும் பழக்கம்தான்" என்கிறார்கள். அந்த முடிவுக்கு ஆய்வில் இடமேயில்லை. உயரத்துக்கும் இடக்கைக்கும்கூட ஒற்றை மரபணு கிடையாது. இடக்கையால் எழுதிய பிள்ளைகளின் விரல்களில் ஸ்கேலால் அடித்தவன் நான். இன்றும் அது உறுத்துகிறது.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் நம் வட்டார மனநல மருத்துவர்கள் இதைத் தமிழில் விளக்கி எழுத வேண்டும். அந்தத் தகப்பனார் தினமும் பேப்பர் படிப்பவர்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை