‘முடியுமா’ வேறு, ‘வேண்டுமா’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீட் முடிவு வந்ததிலிருந்து உங்கள் கல்விப் பக்கத்தில் கட்-ஆஃப், கலந்தாய்வு, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்று நாள்தோறும் செய்தி வருகிறது. தேவையான செய்திதான். ஆனால் மார்க்கும் கையில் இருந்து, டாக்டருக்குப் படிக்கலாமா வேண்டாமா என்று குழம்பி நிற்கும் பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள், என் தங்கை மகள்.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆண்டுக்கு ஆண்டு புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) பிள்ளைகளோடு ட்யூட்டி பார்த்திருக்கிறேன். ஒருநாள் நைட், மணி இரண்டு இருக்கும், ஒரு பையன் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டே, “சிஸ்டர், எனக்கு இதுக்கு வர ஆசையே இல்லை. மார்க் வந்துச்சு, சேர்த்துட்டாங்க” என்றான். கெட்டிக்காரப் பையன். அவன் ஊசி போட்டால் வலியே தெரியவில்லை என்பார்கள் நோயாளிகள். இத்தனை வருடம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தானே என்று எனக்கு அன்றைக்கு மனசே ஆறவில்லை. அதே வார்டில் இன்னொரு பெண். முதல் மாதம் நரம்பு பிடிபடாமல் கை நடுங்கும். “எனக்கு இது வராது சிஸ்டர்” என்று ஓரமாக நின்று அழுவாள். ஆறே மாதத்தில் பச்சைக் குழந்தைக்கும் ஒரே குத்தில் டிரிப்ஸ் ஏற்றினாள்.

என்னால் முடியுமா என்ற பயம் பழகப் பழகப் போய்விடும். எனக்கு இது வேண்டுமா என்ற கேள்வி அப்படித் தானாகப் போவதில்லை. பெற்றோர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, “போகப் போகச் சரியாயிடும்” என்கிறார்கள். என் தங்கையும் அதையேதான் சொல்கிறாள்.

படிப்போ நீளம். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, எம்.டி. அல்லது எம்.எஸ். என்ற மேற்படிப்பு என்றால் 3 ஆண்டு, அதற்கும் மேல் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்புக்குப் போனால் இன்னும் 3. இடையில் ஓராண்டுகூட வீணாகாவிட்டாலும் 17 வயதில் சேர்ந்தவளுக்கு 29 நெருங்கிவிடும். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று புத்தகச் சுமைதான் பெரிது. அதை வைத்து இந்த வேலையைப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது.

அதனால் தங்கை மகளை இரண்டு நாள் காலையில் அரசு மருத்துவமனை ஓ.பி.க்குக் கூட்டிப்போய் நோயாளிகளோடு உட்கார வைத்தேன். “நோயைப் பார்க்காதே, டாக்டரைப் பார்” என்று மட்டும் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: “பெரியம்மா, அந்த டாக்டர் அதே நாலு கேள்வியைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டாங்க. கடைசிப் பாட்டிகிட்டயும் முகத்தைப் பார்த்துதான் கேட்டாங்க. எனக்கு அப்படி வருமான்னு யோசிக்கிறேன்.” யோசிக்கட்டும். அவள் இதுவரை யோசித்ததெல்லாம் வெள்ளைக் கோட்டையும் அப்பாவின் முகத்தையும்தான்.

இந்த ஆண்டு நீட் மதிப்பெண் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது, மறுபடி எழுத வேண்டும். வீட்டில் பதற்றம் அதனால்தான், எனக்கும் புரிகிறது. ஆனால் நீட் எழுத இருந்த 25 வயது உச்சவரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். ஓராண்டு நிதானித்தால் கதவு மூடிவிடாது. அப்புறம், நோயாளியோடு இருக்க ஆசைப்படும் பிள்ளைக்கு நர்சிங்கும் பிசியோதெரபியும் இருக்கின்றன. நர்சிங்கை டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் போலப் பேசுவது என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்-ஆஃப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும் நோய்க்கூறியல் டாக்டர் ஆகியோரின் ஒருநாள் வேலை எப்படி இருக்கும் என்று அவர்களையே எழுதச் சொல்லி வெளியிடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டு வேறு வேலைக்குப் போனவர்களையும் கேளுங்கள். கலந்தாய்வுக்கு முன்னால் வந்தால் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் உதவும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற செவிலியர்,
மதுரை.