திறப்பு யாருடைய மேசையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அக்காவின் பேத்தி வவுனியாவிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் என்னோடு தங்கி, கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி மூலம் படிக்கிறாள். போன செவ்வாய் இரவு எட்டேகாலுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "அம்மம்மா, இண்டைக்கும் வாசலில நிண்டுதான் எழுதினனான்." 30 கதிரை போட்ட அறை, இவர்கள் 43 பேர். விரிவுரை மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை. அதே மாடியில் 120 பேர் இருக்கக்கூடிய மண்டபமொன்று மத்தியானத்திலிருந்தே பூட்டிக் கிடந்ததாம். போய்க் கேட்டதற்கு, "மண்டபம் இல்லை" என்றார்களாம்.

இதே பதிலை நான் 22 வருடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இக்கடிதம். வேறொரு பல்கலைக்கழகத்தில், பீட அலுவலகத்தில் நேரசூசி போட்டவள் நான். முதலில் பழுப்புத் தாளை மேசையில் விரித்து, பென்சிலும் அழிறப்பரும், பிறகு எக்ஸெல்.

உண்மையைச் சொன்னால், நான் நேரசூசி போட்டதே இல்லை. போன வருடத்துத் தாளை எடுப்பேன். ஆண்டை மாற்றுவேன். ஓய்வுபெற்றுப் போனவரின் பெயரை அழித்துப் புதியவரின் பெயரை எழுதுவேன். அந்தப் போன வருடத்துத் தாளும் அதற்கு முந்திய வருடத்துத் தாள்தான். இப்படியே பின்னால் போனால், பீடம் தொடங்கிய காலத்தில் எந்தத் துறைக்கு ஆள்பலம் இருந்ததோ அந்தத் துறைக்குத்தான் இன்றைக்கும் நல்ல மண்டபம், நல்ல நேரம். தமிழ்மொழி மூலப் பிரிவு பிந்தி வந்தது, பிள்ளைகளும் குறைவு. மிச்சம் கிடந்ததைக் கொடுத்தோம்.

கொடுத்தது நான். நானும் தமிழ்ப் பொம்பிளைதான். அவர்களுக்கு ஒரு நல்ல நேரத்தை முதலிலேயே எழுதி வைத்தால் "தன்ர ஆக்களைப் பார்க்கிறா" என்று பேச்சு வருமே என்ற பயம். பக்கத்து மேசையில் இருந்த சிங்களத் தோழி ஒருநாள் தாளை எட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளைகளை ஏன் எப்போதும் பின்னேரத்துக்கே தள்ளுகிறாய்?" என்று கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மாற்றவில்லை.

சரி, மண்டபம் உண்மையிலேயே போதாதா? எங்கள் பீடத்தில் 11 மண்டபங்கள். காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் நாளுக்கு 8 மணித்தியாலம். ஒரு மண்டபத்தில் ஒரு மணித்தியாலத்தை ஓர் இடம் என்று வைத்தால், ஐந்து நாள் கிழமைக்கு 440 இடம் வருகிறது. எங்களுக்குத் தேவைப்பட்டதோ ஏறத்தாழ 300. ஆனால் செவ்வாய், புதன், வியாழன் காலை 9 முதல் 12 வரை தாருங்கள் என்று பாதிப் பேருக்கு மேல் கேட்பார்கள். அதற்குள் இருப்பதோ 99 இடம்தான். திங்கள் காலை ஊரிலிருந்து வந்து சேர நேரமாகுமாம், வெள்ளி ஊருக்குப் போக வேண்டுமாம், பின்னேரத்தில் வேறு இடத்தில் வகுப்பாம். (வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்கு விடுவது வேறு விஷயம். அதில் எவரும் கைவைக்கக் கூடாது.) இதற்கு மேல், "இது எங்கள் துறையின் மண்டபம்" என்று திறப்பைத் தங்கள் மேசை லாச்சியிலேயே வைத்திருப்பவர்கள். அந்த மண்டபத்தில் கிழமைக்கு நான்கு விரிவுரை நடக்கும். மற்ற நேரமெல்லாம் புறாக்களுக்கு.

கணிதம் படிப்பிக்கும் ஒருவர் தேத்தண்ணிக்கு வரும்போது என் தாளைப் பார்த்துச் சிரிப்பார். ஒவ்வொரு பாடத்தையும் ஒரு புள்ளியாக வையுங்கள் என்பார். ஒரே பிள்ளை இரண்டு பாடம் படித்தால் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு கோடு, அவை ஒரே நேரத்தில் விழக் கூடாது. கோடு கூடிய புள்ளிக்கு முதலில் நேரம் கொடுங்கள், மற்றவை தானாகப் பொருந்தும். வெல்ஷ், பவல் என்ற இருவர் 1967இலேயே இதை எழுதி வைத்துவிட்டார்களாம். நான் செய்தது தலைகீழ். சத்தம் கூடியவருக்கு முதலில் கொடுத்தேன். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இரண்டே நாள் நின்று படிப்பித்துவிட்டுப் போகும் வருகை விரிவுரையாளருக்குக் கடைசியில் கொடுத்தேன். ஊன்றுகோலோடு வந்த ஒரு பையனின் வகுப்பு மூன்றாம் மாடியில் விழுந்தது அவன் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். லிஃப்ட் வேலை செய்யாத அரையாண்டு அது.

நேரசூசி போடும் மென்பொருள் வாங்கக் காசில்லை என்ற கதையும் எனக்குத் தெரியும். ஃபெட் என்றொரு மென்பொருள் இலவசமாகவே 20 வருடத்துக்கு மேலாக இருக்கிறது, பள்ளிக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் பாவிக்கலாம். ஆனால் "இந்த மண்டபம் இன்ன துறைக்கு மட்டும்" என்று அதற்குள் எழுதிக் கொடுத்தால் கணினியும் பணிவாக அப்படியே போட்டுத் தரும். என்னைப் போல வெட்கப்படவும் மாட்டாது.

ஆகவே முதலில் திறப்புகளை வாங்குங்கள். எல்லாத் துறைகளின் திறப்புகளும் பீட அலுவலகத்தில் ஒரே பலகையில் தொங்கட்டும். பழைய தாளை எடுக்காமல் வெறும் தாளில் தொடங்கி, வேறு வழியில்லாதவர்களை முதலில் எழுதுங்கள். மூன்றாம் கிழமையில் ஒரு பியோனை அனுப்பித் தலைகளை எண்ணச் சொல்லுங்கள். பதிவில் 180 பேர் இருக்கும் வகுப்புக்கு 70 பேர்தான் வருகிறார்கள் என்றால், பக்கத்து அறையில் நெருக்கியடித்து இருப்பவர்களோடு மண்டபத்தை மாற்றிக்கொள்ள ஒரு பின்னேரம் போதும். திங்கள் எட்டு மணியும் வெள்ளி மூன்று மணியும் எவருக்கும் பிடிக்காது. அவை அரையாண்டுக்கு அரையாண்டு சுற்றி வரட்டும். போன முறை யாருக்கு விழுந்தது என்பதை அறிவித்தல் பலகையில் எல்லாரும் பார்க்க ஒட்டிவிடுங்கள். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையைப் பாருங்கள், 29 அல்லது 30 நாளுக்கு ஒருமுறை வருவதால் கிழமையில் ஒன்றிரண்டு நாள் தள்ளித் தள்ளித்தான் விழுகிறது. ஒரே வகுப்பின் தலையில் எப்போதும் விழுவதில்லை. சந்திரனிடம் இருந்த நியாயம் என் தாளில் இருக்கவில்லை.

பேத்தியின் வகுப்பில் மட்டக்குளியிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏழு மணிக்கு விரிவுரை முடிந்து, 155 பஸ்ஸுக்கு நின்று, அவர்கள் வீடு சேரும் நேரம் இவளுடையதைவிடப் பிந்தும். மழைக்காலம் வேறு வருகிறது. அந்தப் பீடத்தின் பீடாதிபதி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு, யாருக்கும் சொல்லாமல், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அந்த மாடியை ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். பூட்டிய கதவுகளை எண்ணட்டும். வாசலில் நின்று எழுதும் பிள்ளைகளையும் எண்ணட்டும்.

இப்படிக்கு,
இளைப்பாறிய முகாமைத்துவ உதவியாளர் ஒருவர்,
கொழும்பு 06.