இதயத்தை நிறுத்தாம பைபாஸ் - பாதி விஷயம் விட்டுப்போகுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இதயத்தை நிறுத்தாம பைபாஸ் (அடைச்ச இதயக் குழாய்க்கு மாற்றுவழி தைக்கிற ஆபரேஷன்), அதனால ரிஸ்க் கம்மின்னு அடிக்கடி செய்தி போடுறீங்க. ஹார்ட் ஆபரேஷன் தியேட்டர்ல பல வருஷமா நர்ஸா இருக்கேன், அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது.

மொதல்ல இது புதுசே இல்லீங்க. 1964லயே லெனின்கிராடுல கோலெசோவ்ங்கிற சர்ஜன் துடிச்சிட்டிருந்த இதயத்தோட ரத்தக்குழாய்ல மார்புத் தமனியை இணைச்சுத் தைச்சிருக்கார். 90கள்ல ஆக்டோபஸ்னு ஒரு ஸ்டெபிலைசர் வந்தப்புறம்தான் பரவலாச்சு. சின்னச் சின்ன உறிஞ்சு குமிழ் வச்ச ரெண்டு கால், அது தைக்கிற இடத்தை மட்டும் பிடிச்சு அசையாம வைக்கும், மத்தபடி இதயம் துடிச்சிட்டேதான் இருக்கும். ரத்தக்குழாயைத் திறந்ததும் உள்ள ரத்தம் ஓட குட்டி ஷன்ட் குழாய் விட்டு, ப்ளோயர்ல கார்பன் டை ஆக்சைடு அடிச்சு ரத்தத்தை விலக்கிட்டே, முடி மாதிரி நூல்ல தைக்கணும்.

இதயத்தோட முன்பக்கக் குழாய்னா பரவால்ல. பின்பக்கம்னா இதயத்தைத் தூக்கித் திருப்பணும், அப்போ பிரஷர் சர்ருனு இறங்கும், டேபிளைத் தலைப்பக்கம் தாழ்த்துவோம், அப்பவும் ஏறலைன்னா அனஸ்தீசியா டாக்டர் "கீழ வைங்க சார்"னு சொல்லிடுவார், இதயத்தைப் பழைய இடத்துல வச்சிட்டு எல்லாரும் மானிட்டரையே பார்த்துட்டு நிப்போம். அதுக்கும் சரியாகலைன்னா அவசரமா, இதயம், நுரையீரல் வேலையை வெளிய இருந்து பார்க்கிற ஹார்ட் லங் மெஷினுக்கு மாத்தணும். நான் ரொம்ப பயப்படுறது அந்த நேரத்துக்குத்தான், ஏன்னா திட்டமில்லாம நடுவுல மாத்துற கேஸ்லதான் ஆபத்து அதிகம்.

ஆராய்ச்சியும் ஒரே பக்கமா சொல்லல. 2009ல வந்த ரூபி ஆய்வுல 2203 பேர், ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா மெஷின் இல்லாம போட்ட கிராஃப்ட்ல, அதாவது தைச்ச மாற்றுக் குழாய்ல, அடைச்சுப்போனது கொஞ்சம் ஜாஸ்தி. 19 நாட்டுல 4752 பேரை வச்சு செஞ்ச கொரோனரி ஆய்வுல ரத்தம் ஏத்துறது குறைஞ்சுது, ஆனா 5 வருஷத்துல மரணம், பக்கவாதம், மாரடைப்புன்னு பார்த்தா பெருசா வித்தியாசம் இல்ல.

அதுக்காக வேண்டாம்னு சொல்லல. மகாதமனியில, அதாவது இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய்ல, சுண்ணாம்பு படிஞ்சவங்களுக்கு அங்க கிளாம்ப் (இடுக்கி) போட்டா துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போகலாம், அவங்களுக்கு மகாதமனியைத் தொடாமலே ரெண்டு மார்புத் தமனியையும் வச்சு முடிக்கிறது பெரிய வரம்னே சொல்வேன், ஆனா அதுக்குப் பழகின கை வேணும்.

அதனால அடுத்த தடவை எழுதும்போது சர்ஜன்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியையும் சேர்த்துப் போடுங்க சார்: இந்த முறையில வழக்கமா செய்றீங்களா, பின்பக்கக் குழாய்க்கும் இப்படித்தானா, நடுவுல எத்தனை கேஸ் மெஷினுக்கு மாத்த வேண்டி வந்துச்சு, என் மகாதமனியை ஸ்கேன்ல பார்த்தாச்சா.

இப்படிக்கு,
ஒரு தியேட்டர் நர்ஸ்