பீட்டர் விம்சி வெறும் பொழுதுபோக்குப் பிரபு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் துப்பறியும் கதைகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரபு குடும்பத்துத் துப்பறிவாளர்கள் எல்லோரையும் வேலைவெட்டி இல்லாத பணக்காரர்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். ஆங்கில எழுத்தாளர் டாரதி எல். சேயர்ஸ் படைத்த துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சிக்கு இது கொஞ்சமும் பொருந்தாது.

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும், சரி. டியூக் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் கொண்டவரின் தம்பி, ஒற்றைக்கண் கண்ணாடி, லண்டனின் பிக்காடிலியில் வீடு, அரிய பழைய புத்தகங்கள், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள பன்ட்டர் என்ற பணியாள். ஆனால் அந்த பன்ட்டர் முதல் உலகப் போரில் அவருக்குக் கீழே சார்ஜென்டாக இருந்தவர். 1923இல் வந்த முதல் நாவலிலேயே, கொலையாளி யாரென்று புரிந்துபோன இரவில், விம்சி நடுநடுங்கிப்போய் பன்ட்டரிடம் வருகிறார், இன்னும் போர்முனையில் இருப்பதுபோல, எதிரிகள் மண்ணுக்கடியில் தோண்டும் சத்தம் கேட்கிறது என்கிறார். பன்ட்டர் அவரைப் பழையபடி மேஜர் என்றே கூப்பிட்டு, சமாதானப்படுத்தித் தூங்கவைக்கிறார். போரில் ஆட்களைச் சாவுக்கு அனுப்பி அனுப்பி, திரும்பி வந்தபின் வேலைக்காரர்களுக்குக்கூட உத்தரவு போட முடியாமல் இருந்தவர் விம்சி.

அப்படிப்பட்டவர் ஒரு கொலையாளியைப் பிடித்தால் என்ன ஆகும்? அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொலைக்குத் தூக்குதான். போலீஸ்காரர் என்றால் இது என் கடமை என்று சொல்லிக்கொள்ளலாம், விம்சிக்கு அந்தச் சாக்கும் கிடையாது, யாரும் கேட்காமல் தானாகவே போய்த் தலையிட்டவர் அல்லவா. அவர் தொழில்முறைத் துப்பறிவாளராக இல்லாததுதான் இந்தக் கதைகளின் உயிர் என்பேன். 1927 நாவலில் அவர் துருவப்போய் மேலும் உயிர்கள் போகின்றன, நான் செய்தது சரியா என்று ஒரு பாதிரியாரிடம் போய்க் கேட்கிறார். 1937இல் வந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' நாவலில், தானே பிடித்துக்கொடுத்த குற்றவாளிக்குத் தன் செலவில் பெரிய வழக்கறிஞரை வைக்கிறார். அப்புறம் தூக்கு நிறைவேறும் அந்தக் காலை எட்டு மணிக்கு மனைவி ஹாரியட்டின் மடியில் விழுந்து அழுகிறார். கொலையாளி அகப்பட்டதோடு கதையை மூடிவிடும் எழுத்தாளர்கள்தான் அதிகம், சேயர்ஸ் அதற்கு மேலும் எழுதத் துணிந்தார்.

குறை இல்லாமல் இல்லை. மேட்டுக்குடித் திமிர் அங்கங்கே தலைகாட்டும், யூதர்களைப் பற்றிய சில வரிகள் இன்று முகம் சுளிக்கவைக்கும். அதைக் கட்டுரையாளர் கேட்டிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று, இந்தக் கதைகளில் வரும் மிஸ் கிளிம்ப்சன் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. திருமணமாகாத நடுத்தர வயதுப் பெண், தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு, விம்சியின் பணத்தில் ஒரு டைப்பிங் அலுவலகம் என்ற பெயரில் துப்பு சேகரிக்கிறார். சமூகம் வேண்டாம் என்று ஒதுக்கிய பெண்களின் மூளையை விம்சி மதித்தார், நம்பினார். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்