தளவாய்களின் காலத்தையும் எழுதுங்கள்: கொங்கு ஊர் வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

கோவை, ஈரோடு, சேலம் பகுதிகளின் ஊர் வரலாறுகளை நீங்கள் எழுதி வருவதை நன்றியோடு படித்துவருபவன் நான். அவற்றில் மைசூர் ஆட்சி பேசப்படும் இடங்களில் அரசர் சிக்கதேவராயருக்கு அடுத்து ஐதர் அலியே வந்து நிற்கிறார். சிக்கதேவராயர் மறைந்த 1704 முதல் ஐதர் ஆட்சியைப் பிடித்த 1761 வரை மைசூரின் உடையார் அரசகுலம் எவ்வாறு அதிகாரத்தை இழந்தது என்பதைச் சொல்லாமல், ஐதர் அரியணையைப் பறித்தார் என்று எழுதுவது அரைகுறையான வரலாறு.

சிக்கதேவராயர் மறைந்தபின் அதிகாரம் சிறிது சிறிதாகக் களலெ குடும்பத்துத் தளவாய்களின் (படைத்தலைவர்களின்) கைக்குப் போயிற்று. 1734இல் அரியணையில் இருந்த சாமராச உடையாரையே அவர்கள் இறக்கிச் சிறைக்கோட்டைக்கு அனுப்பிவிட்டு, சிறுவரான இரண்டாம் கிருஷ்ணராச உடையாரை அமர்த்தினார்கள். அதன்பின் ஆண்டவர்கள் தளவாய் தேவராசரும் அவர் தம்பி நஞ்சராசருமே.

நஞ்சராசர் கன்னடத்தில் நூல்கள் இயற்றியவர், புலவர்களைப் போற்றியவர். ஆனாலும் அரசியலில் அவர் எடுத்த முடிவுகள் நாட்டைக் கடனில் தள்ளின என்றே நான் கருதுகிறேன். படை உதவிக்கு ஈடாகத் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக ஆர்க்காட்டு நவாபு முகமது அலி சொன்ன வாக்கை நம்பி 1752இல் படையோடு போனவர், பெரும்பொருள் செலவழித்து 1755இல் வெறுங்கையோடு திரும்பினார். அதே ஆண்டு ஐதராபாத்தை ஆண்ட சலாபத் சங் மைசூரின் தலைநகரான சீரங்கப்பட்டணத்தின் வாயிலில் வந்து நின்று கப்பம் கேட்டபோது, கோயில் நகைகளில் கைவைத்தும் கேட்ட தொகையைத் திரட்ட முடியவில்லை. இளம் அரசர் தளவாய்களின் பிடியிலிருந்து விடுபட முயன்றபோது, நஞ்சராசர் அரண்மனையையே தாக்கி, அரசரின் ஆட்களை அவர் கண்ணெதிரே மூக்கறுத்துத் தண்டித்தார்.

இதைப் பொறுக்காமல் பிரிந்துபோன தேவராசர் 1757இல் குடும்பத்தோடு வந்து தங்கிய ஊர் நம் சத்தியமங்கலம். ஓர் அரசின் தளவாய், தம்பியோடு மனம் முறிந்து பவானியாற்றங்கரையில் வந்து உட்கார்ந்த அந்த நாட்களில்தான் சீரங்கப்பட்டணத்தில் சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் நஞ்சராசரின் வாயிலில் மறியல் இருந்தார்கள். 1755 முதல் திண்டுக்கல்லின் பௌசுதாராக (படை அதிகாரியாக) இருந்த ஐதர் அலி, சகோதரர்களைச் சமாதானப்படுத்தியதோடு படையின் நிலுவையையும் தீர்க்க வழிசெய்தார். படையின் நம்பிக்கை அவர் பக்கம் திரும்பியது அங்கேதான். 1758இல், சமாதானமான சில நாட்களிலேயே தேவராசர் இறந்தார். மறு ஆண்டு நஞ்சராசர் பதவி விலக நேர்ந்தது. 1760இல் ஐதரிடமே பணியாற்றிய காண்டே ராவின் துணையோடு அரண்மனை ஐதரை விரட்டிப் பார்த்தது. அடுத்த ஆண்டே அவர் மீண்டுவந்து ஆட்சியைக் கைப்பற்றினார். கிருஷ்ணராச உடையார் 1766இல் இறக்கும்வரை பெயரளவில் அரசராகவே இருந்தார்.

ஐதரின் திறமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அவருக்கு முன்னிருந்தவர்களின் பொறுப்பையும் உரிய அளவில் பதிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். சத்தியமங்கலத்தைப் பற்றி எழுதும்போது தேவராசர் இங்கு வந்ததற்கான காரணத்தோடு அவருக்கு ஓர் இயலாவது ஒதுக்குங்கள். அக்காலத்து வரி, படைச்செலவு பற்றிய செய்திகளை மைசூர் ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சேருங்கள்.

அன்புடன்,
சத்தியமங்கலம் வட்டத்து வாசகர் ஒருவர்