டெஸ்ஸுக்கு வீடு எங்கே புகலிடமானது?

ஆங்கில இலக்கிய வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். எம்.ஏ. படிக்கும் என் மகளிடம் உள்ள பழைய வினாத்தாள்களில், தாமஸ் ஹார்டியின் 'டெஸ் ஆஃப் தி டர்பர்வில்ஸ்' நாவல் பற்றி ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது: ஊராரின் பழிச்சொல்லிலிருந்து டெஸ்ஸுக்கு இயற்கையும் வீடும் எவ்வாறு புகலிடமாகின்றன? கைடில் பதில் தயார். வயல் அமைதி தந்தது, வீடு அரவணைத்தது, பத்து மார்க். ஹார்டி 1891-இல் வெளியிட்ட அந்த நாவலில் அப்படியா இருக்கிறது?

கைடு சொல்வது முழுப் பொய்யில்லை. 13-ஆம் அத்தியாயத்தில், கெடுக்கப்பட்டு ஊர் திரும்பிய டெஸ் தேவாலயத்துக்குப் போகிறாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள். அதோடு சரி, தம்பி தங்கைகளோடு படுக்கும் அறையிலேயே அடைந்துவிடுகிறாள். இருட்டிய பிறகுதான் காட்டுப் பக்கம் நடப்பாள். அங்கே பழிக்க ஆளில்லை. ஆனாலும் மழையும் காற்றும் தன்னையே குற்றம் சொல்வதாக நினைத்துக்கொள்கிறாள். அது அவளுடைய கற்பனை, அவள் மீறியது மனிதர் போட்ட சட்டத்தைத்தான் என்று ஹார்டியே குறுக்கே வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர் வாய் அவளுக்குள்ளேயே குடியேறிவிட்டது, காடு என்ன செய்யும்?

அடுத்த அத்தியாயத்தில் வீட்டைப் பாருங்கள். டெஸ்ஸின் கைக்குழந்தை சாகக் கிடக்கிறது, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பாதிரியாரை அழைக்க வேண்டும் என்கிறாள். அப்பன் அப்போதுதான் குடித்துவிட்டு வந்திருக்கிறான், குடும்பப் பெருமை தலைக்கேறி இருக்கிறது. இந்த நேரத்தில் பாதிரி உள்ளே வந்து வேவு பார்ப்பதா என்று கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறான். மகளைப் பழியிலிருந்து காக்க வேண்டிய வீடு, ஊருக்குப் பயந்து அவளையே உள்ளே வைத்துப் பூட்டுகிறது.

நள்ளிரவில் டெஸ் தம்பி தங்கைகளை எழுப்புகிறாள். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் மண்டியிட்டுக் கைகூப்பும்படி அவர்களிடம் சொல்கிறாள். தங்கை ஜெபப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, குழந்தைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுக்கிறாள். வைத்த பெயர் 'துயரம்'. விடியும்போது குழந்தை இறந்துவிடுகிறது. கல்லறைத் தோட்டத்தில் காஞ்சொறி மண்டிய மூலைதான் அதற்குக் கிடைக்கிறது, குடிகாரர்களும் தற்கொலை செய்தவர்களும் கிடக்கும் இடம். இரண்டு குச்சிகளைக் கயிற்றால் கட்டிச் சிலுவை நடுகிறாள், மார்மலேட் ஜாடியில் பூ வைக்கிறாள். 'கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்தபோது இந்த ஞானஸ்நானக் காட்சியே நீக்கப்பட்டிருந்தது. பத்திரிகை வாசகர்களின் மனசு நோகுமாம்!

பிறகு அவள் வேலைக்குப் போன பால்பண்ணை நாட்களைச் சொல்வீர்கள். இனிமையானவைதான். ஆனால் அங்கே அவள் கதை யாருக்கும் தெரியாது. பிறகு 41-ஆம் அத்தியாயத்தில் காட்டில் இலைகளைக் குவித்துப் படுக்கிறாள். இரவெல்லாம் விசித்திரமான சத்தம். விடிந்து பார்த்தால், வேட்டைக்காரர்கள் சுட்டதில் குற்றுயிராகத் தப்பி அங்கே ஒதுங்கிய பறவைகள். அவற்றின் வலியைத் தீர்க்க அவளே கழுத்தை முறிக்கிறாள்.

கேள்வியை மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஞானஸ்நானம் நடக்கும் இரண்டு பக்கங்களை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அந்த வீட்டில் டெஸ்ஸுக்கு யார் துணை நின்றார்கள் என்று கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் மண்டியிட்ட அந்தப் பிள்ளைகளைக் கைடு எழுதியவர் கவனிக்கவே இல்லை. நாவலைப் படித்த மாணவர்கள் கவனித்திருப்பார்கள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தந்தை