ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய பிறகு

குன்னூர்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். மூன்று நாளாக மிஸ்ட் விலகவில்லை. துணி காயவில்லை என்று அம்மா சமையற்கட்டில் கொடி கட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு எனக்குப் பதில் வரவில்லை. "பதினாலு வருஷம் ஏர்ஃபோர்ஸ்ல ஹெலிகாப்டர் ஓட்டினேன். இப்ப மூணாவது மாடியில உட்கார்ந்து அடுத்தவங்க அனுப்புற கணக்கைப் பார்க்கிறேன். எதுக்கு இருக்கேன்னே தெரியலப்பா" என்றாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

பஸ் டிரைவர் வேலையிலிருந்து என்னை இறக்கியபோது நீ எட்டாவது படித்தாய். கண் பரிசோதனையில் தேறவில்லை, டைம் கீப்பராகப் போட்டார்கள். பத்தொன்பது வருஷம் மேட்டுப்பாளையம் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியவன், பஸ் ஸ்டாண்டில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து ட்ரிப் ஷீட்டில் நேரம் எழுதினேன். வெளியே வண்டி ரிவர்ஸ் எடுத்தால் மேஜைக்கு அடியில் என் வலது கால் தானாக அழுத்தும். உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியும், தூக்கத்திலும் கால் உதைக்குமாம்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள், ஊட்டியிலிருந்து இறங்கி வந்த புது டிரைவர் ஷீட்டை நீட்டினார். கூடவே பிரேக் லைனிங் கருகிய வாடை. செகண்ட் கியரில் இறக்காமல் பிரேக்கை மிதித்தே வந்திருக்கிறார். டிரம் ஆறும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பயணிகள் திட்டினார்கள். மேலே புகாரும் போனது. ஆனால் அன்றைக்குத்தான் அந்தக் கூண்டு என் இடம் என்று ஆனது. ரோடு தெரியாதவர் அங்கே இருந்திருந்தால் நேரத்தை மட்டும் எழுதி அனுப்பியிருப்பார்.

போன மாதம் உன் ஆபீஸில் ஒரு லாரிக்கு ராத்திரி இன்னொரு ட்ரிப் போடலாம் என்றபோது, "டிரைவர் எத்தனை மணி நேரமா முழிச்சிருக்கார்?" என்று நீ கேட்டாயாம். கூட்டத்தில் எல்லோரும் உன்னையே பார்த்தார்களாம். பறக்கிறவர்களுக்கு இத்தனை மணி நேரம்தான் டூட்டி, பிறகு கட்டாயம் ஓய்வு என்று வாழ்ந்தவள் நீ. உனக்கு அந்தக் கேள்வி வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் ஓட்டிய காலத்தில் எனக்காக அப்படி ஒருவர் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீதானே எனக்கு பி.சி. லால் பற்றிச் சொன்னாய். பர்மா போரில் விமானம் ஓட்டியவர், 1957இல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு ஜெனரல் மேனேஜராகப் போனார். 1966இல் விமானம் தயாரிக்கும் பெங்களூர் ஹெச்.ஏ.எல். கம்பெனியின் பொறுப்பு. அங்கிருந்து திரும்பி 1969இல் விமானப்படைத் தளபதி, 1971 போர் அவர் காலத்தில்தான். கம்பெனிக்குப் போனதால் அவருக்குள் இருந்த பைலட் காணாமல் போகவில்லை.

பறந்து வந்ததும் எல்லோரும் உட்கார்ந்து அவரவர் தவறைச் சொல்வீர்களே, டிப்ரீஃபிங், அதை ஆபீஸில் செய்து பார்த்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று வருத்தப்பட்டாய். தவறைச் சொன்னால் சம்பள உயர்வு போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் எப்படிச் சொல்வார்கள்? நீ உன் தவறிலிருந்து ஆரம்பி. ஒவ்வொரு வாரமும் சொல். ஒருவர் வாயைத் திறக்க நாலைந்து மாதம் ஆகலாம், விட்டுவிடாதே.

இன்னொன்று. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றினேன்.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து 11.48க்குக் கிளம்பிய எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், இங்கே பக்கத்தில் வெலிங்டனில் 12.15க்கு இறங்க வேண்டியது, நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவியும் அதில்தான் இருந்தார்கள். பதினாலு உயிர் போயிற்று. நீ அப்போது அஸ்ஸாமில் இருந்தாய். அது நீ ஓட்டின வண்டி இல்லை என்று தெரியும். தெரிந்தும், உன் குரலைக் கேட்கிறவரை அம்மா வாசற்படியை விட்டு எழவில்லை. பள்ளத்தாக்கில் திடீரென்று மேகம் சூழ்ந்ததில் பைலட்டுக்குத் திசை தடுமாறியது என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள். "மேகத்துக்குள்ள போனா எது மேல எது கீழன்னு நம்ம காதே நமக்குப் பொய் சொல்லும்பா, மீட்டரைத்தான் நம்பணும்" என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அது அம்மாவின் காதிலும் விழுந்திருந்தது.

அந்தப் பொங்கலுக்கு நீ வந்தபோது அம்மா எதுவும் கேட்கவில்லை. உன் தலைக்கு எண்ணெய் வைத்தபடி அழுதாள், அவ்வளவுதான். அதுவரை, ஓய்வு வயதுவரை படையில் இருக்க நிரந்தரக் கமிஷனுக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நீ, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 2023இல் பென்ஷன் இல்லாமல் இறங்கி வந்தாய்.

எங்களுக்காகவா இறங்கினாய், கண்ணு?

அப்படியென்றால் அதை நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா தினமும் விளக்கேற்றும்போது அதைத்தான் நினைக்கிறாள், வாய்விட்டுச் சொல்வதில்லை. நீயாக எடுத்த முடிவு என்றால் அதையும் எழுது. போனில் வேண்டாம், உன் கையெழுத்தில் வேண்டும்.

லீவு கிடைத்தால் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 ரயிலைப் பிடி. ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன்.

அப்பா